78 அட்டைகள் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்

கிளி ஜோசியம் தெரியாத தமிழர் இருக்க மாட்டார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் நடைபாதை ஓரம் ஒரு சின்ன மேசை, ஒரு கூண்டு, அடுக்கி வைத்த அட்டைகள். பெயரைச் சொன்னதும் கிளி வெளியே வந்து ஓர் அட்டையை அலகால் இழுத்துப் போடும். முருகன் படம் வந்தால் முகம் மலரும். வேறு ஏதாவது வந்தால் ஜோசியரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மேல்நாட்டில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. டாரோட் அட்டை என்பார்கள். அங்கே கிளி இல்லை. அட்டையை மனிதரே எடுக்க வேண்டும். இன்று நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் அது கிடைக்கிறது. கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்று கேட்பதற்காக அட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வகையினரும் உண்டு. மணமுறிவு, நெருங்கியவரின் மரணம், வேலை இழப்பு என்று ஒரு பெரிய அடி வாங்கியவர்கள். அவர்கள் வருங்காலத்தைக் கேட்பதில்லை. தங்களுக்கு நடந்ததை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க ஒரு படம் கிடைத்தால் போதும் என்று அட்டையை விரிக்கிறார்கள்.

அப்படி விரிக்கப்படும் அட்டைகளில் பெரும்பாலானவை ஒரே பெண்ணின் கைவேலை, அல்லது அவர் வரைந்ததைப் பார்த்துப் பிறர் வரைந்தவை. அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித். அட்டைப் பெட்டியின் மேல் அந்தப் பெயர் பல காலம் இல்லை.

லண்டனில் 1878 பிப்ரவரி 16ஆம் தேதி பிறந்தவர் பமீலா. பெற்றோர் அமெரிக்கர்கள்; அவர் ஒரே பிள்ளை. சிறு வயது இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் கழிந்தது. 1889ல் தந்தைக்கு ஜமைக்காவில் வேலை கிடைத்தது. தீவின் ரயில் பாதையை நீட்டிக்கொண்டிருந்த நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். குடும்பம் கப்பலேறியது.

ஜமைக்கா கரும்புத் தோட்டங்களின் தீவு. அந்தத் தோட்டங்களில் முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றார்கள். மலாயாவின் தோட்டக் கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தீவில்தான் சிறுமி பமீலா அனான்சி கதைகளைக் கேட்டு வளர்ந்தார். அனான்சி ஒரு சிலந்தி. உடம்பு சிறியது, மூளை பெரியது. புலியையும் ஏமாற்றிவிட்டுத் தப்பிக்கும். மலாய்க் கதைகளின் சாங் கஞ்சில் என்ற சருகுமானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அடிமைப்பட்டவர்கள் கடல் தாண்டும்போது மூட்டை முடிச்சு இல்லாமல் கொண்டுவந்த சொத்து அந்தக் கதைகள்.

15 வயதில் பமீலா அமெரிக்காவின் புரூக்ளின் நகருக்குப் போய், பிராட் கலைக்கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடிவதற்குள் 1896ல் தாய் ஜமைக்காவில் இறந்தார். அப்போது பமீலாவுக்கு 18 வயது. மறு ஆண்டு பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஜமைக்காவில் கேட்ட கதைகளைத் தானே எழுதி, படமும் வரைந்து, 1899ல் அனான்சி கதைகள் என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தந்தையும் போய்விட்டார். 21 வயதில் தாய் இல்லை, தந்தை இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, சொத்து என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் அவரைத் தாங்கியது ஒரு நாடகக் குழு. லண்டன் லைசியம் அரங்கின் நாயகி எலன் டெரி, நாயகன் ஹென்றி இர்விங், அரங்கின் நிர்வாகி பிராம் ஸ்டோக்கர். டிராகுலா நாவலை எழுதிய அதே ஸ்டோக்கர்தான். பமீலா 1900ல் இங்கிலாந்து திரும்பி, அவர்களோடு ஊர் ஊராகப் போனார். உடை தைக்க உதவினார், மேடை அமைப்பில் உதவினார், கூட்டத்தில் ஒருவராக மேடையிலும் நின்றார். எலன் டெரி அவரை மகள் போல வைத்துக்கொண்டார். பிக்ஸி என்பது அங்கே அவருக்குக் கிடைத்த செல்லப் பெயர். குட்டித் தேவதை என்று பொருள் கொள்ளலாம்.

மேடையில் கழித்த அந்த நாட்கள் பின்னால் வரைந்த அட்டைகளில் நன்றாகத் தெரிகின்றன. பல அட்டைகளில் கீழே ஒரு கோடு குறுக்கே போகும். அது மேடைத் தரை. பின்னால் மலையும் கோட்டையும் வரைந்த திரை தொங்குவது போல இருக்கும். நடுவில் ஒருவர் ஏதோ செய்துகொண்டிருப்பார். நாடகத்தின் ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தி வைத்தது போலத்தான் அந்தப் படங்கள் இருக்கின்றன.

லண்டனில் அவர் வீட்டுக்கு வாரம் ஒருநாள் எழுத்தாளர்களும் நடிகர்களும் வருவார்கள். தரையில் உட்கார்ந்து, அட்டையில் வெட்டிய பொம்மைகளை நகர்த்தி, ஜமைக்கா பேச்சு வழக்கிலேயே பமீலா அனான்சி கதை சொல்வார். வந்தவர்களில் ஒருவர் கவிஞர் யேட்ஸ். பின்னாளில் தாகூரின் கீதாஞ்சலி ஆங்கில நூலுக்கு முன்னுரை எழுதியவர். யேட்ஸ் அப்போது கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தில் இருந்தார். 1901ல் பமீலாவும் அதில் சேர்ந்தார். சங்கத்தின் படிநிலைகளில் அவர் அதிகம் ஏறவில்லை. ஆனால் அங்கேதான் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவரைச் சந்தித்தார்.

இதற்கிடையே பிழைப்பு ஓட வேண்டும். புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். 1903ல் தி கிரீன் ஷீஃப் என்று ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். 13 இதழோடு நின்றது. ஓர் அச்சகம் நடத்திப் பார்த்தார். அவருக்கு ஓர் அபூர்வ குணம் இருந்தது. இசை கேட்டால் கண் முன்னால் உருவங்கள் தோன்றும். இசை முடிவதற்குள் அவற்றை வரைந்துவிடுவார். அந்த ஓவியங்களை நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் பார்த்தார். புகைப்படத்தைக் கலையாக நிலைநாட்டப் பாடுபட்டவர் அவர். அதுவரை புகைப்படங்கள் மட்டுமே வைத்த தன் கூடத்தில், 1907 ஜனவரியில் முதன்முறையாக ஓர் ஓவியரின் படைப்புகளை மாட்டினார். அந்த ஓவியர் பமீலா. கூட்டம் வந்தது, படங்கள் விற்றன. மேலும் இரண்டு முறை அங்கே அவர் கண்காட்சி நடந்தது. ஆனாலும் நிரந்தர வருமானம் என்ற ஒன்று அமையவே இல்லை.

1909ல் வெயிட் ஒரு வேலையோடு வந்தார். புதிதாக ஒரு டாரோட் கட்டு வேண்டும். கருத்து அவருடையது, படம் பமீலா வரைய வேண்டும்.

டாரோட் என்பது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். குறி பார்ப்பதற்கு அது பரவலாகப் பயன்படத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், பிரான்ஸ் நாட்டில். ஒரு கட்டில் 78 அட்டைகள். அவற்றில் 22 பெரிய அட்டைகள்: சக்கரவர்த்தி, துறவி, மரணம், நட்சத்திரம், சூரியன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் உண்டு. மீதி 56ம் சாதாரணச் சீட்டுக்கட்டு போல நான்கு வகை: கோல், கிண்ணம், வாள், நாணயம். பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் இவற்றின் எண் அட்டைகளுக்குக் காட்சி கிடையாது. ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணத்தை வரைந்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பொருள் சொல்ல, மனப்பாடம் செய்த ஒருவர் வேண்டும்.

பமீலா அந்த எண் அட்டைகளில் பெரும்பாலானவற்றில் மனிதர்களைக் கொண்டுவந்தார். இதுபோல ஒரு முயற்சி முன்பே இருந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டின் படங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன. மூன்று வாள் துளைத்த இதயம் அதிலேயே உண்டு. பமீலா அதைப் பார்த்திருக்கிறார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆனால் மற்றக் காட்சிகளில் பெரும்பாலானவை அவர் கற்பனை. வெயிட் 22 பெரிய அட்டைகளுக்கு விரிவாகக் குறிப்புக் கொடுத்தார், சிறிய அட்டைகளைப் பமீலாவிடம் விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்று மக்கள் மனத்தில் தைக்கும் படங்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய அட்டைகள்தான்.

ஐந்து கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் முன்னால் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவர் பார்வை முழுவதும் அதன்மேல். முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன. அவர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் ஆறு, ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் வீடு. இழவு வீட்டில் போய் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்தப் படம் புரியும். பமீலா கவிழ்ந்த கிண்ணங்களை மறைக்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. மீதி இரண்டையும் வரைந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து நாணயத்தில் பனி கொட்டுகிறது. கிழிந்த சால்வையோடு வெறுங்காலில் ஒரு பெண்ணும், ஊன்றுகோலில் ஓர் ஆணும் நடக்கிறார்கள். பக்கத்திலேயே தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே விளக்கு வெளிச்சம். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு வாளில் கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண், சுற்றிலும் வாள்கள். உற்றுப் பார்த்தால் கால் கட்டப்படவில்லை, முன்பக்கம் வழி திறந்திருக்கிறது. ஒன்பது வாளில் நடு இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்ட ஒருவர்; தூக்கம் கெட்ட எல்லோருக்கும் அது சொந்தப் படம். பத்து வாளில் முதுகெல்லாம் வாள் குத்தி ஒருவர் குப்புறக் கிடக்கிறார். மேலே வானம் கறுப்பு, அடியில் மட்டும் மஞ்சள் வெளுப்பு. ஆறு வாளில் ஒரு தாயும் பிள்ளையும் படகில் போகிறார்கள். வாள்கள் படகிலேயே குத்தி நிற்கின்றன. பட்ட காயத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போக முடியாது, கூடவே ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததில்லை.

பெற்றோரை இழந்தவர், பத்திரிகை நின்றுபோனவர், அடுத்த மாத வாடகைக்கு யோசித்தவர் வரைந்த படங்கள் இவை. அவர் தன் கதையைத்தான் வரைந்தார் என்று சொல்லிவிட முடியாது. கஷ்டம் எப்படி உட்காரும், எப்படிக் குனியும், எந்தப் பக்கம் பார்க்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ஏறக்குறைய ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. 78 அட்டை என்றால் வாரத்துக்கு மூன்று. முடிந்த கையோடு ஸ்டீக்லிட்சுக்கு எழுதிய கடிதத்தில், வேலை பெரிது, கூலி மிகச் சிறிது என்ற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். 1909 டிசம்பரில் லண்டன் ரைடர் நிறுவனம் கட்டை வெளியிட்டது. பமீலாவுக்குக் கிடைத்தது ஒருமுறை கூலி. விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் பங்கு என்ற பேச்சு இல்லை. கட்டு ரைடர், வெயிட் என்ற இரு பெயர்களால் அறியப்பட்டது. பதிப்பாளர் பெயர் வந்தது, யோசனை சொன்னவர் பெயர் வந்தது, வரைந்தவர் பெயர் வரவில்லை. அந்த அசல் ஓவியங்களும் இன்று கிடைக்கவில்லை.

பால் வெட்டியவர் பெயர் ரப்பர் பெட்டியில் வருவதில்லைதான். ஆனால் இது ஓவியம்.

அதன் பிறகு அவர் பெண்கள் ஓட்டுரிமைக்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்காக உழைத்தார். டாரோட் வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1911ல் கத்தோலிக்கத்தைத் தழுவினார். குறி பார்ப்பதை ஏற்காத மதம் அது. அட்டைகளை வரைந்தவர் ஜெபமாலைக்குப் போய்விட்டார் என்பது அட்டை எடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது. மறைஞானச் சங்கத்து நண்பர்களோடு இருந்த தொடர்பு தேய்ந்தது. புத்தக வேலைகளும் குறைந்தன.

போர் முடிந்த காலத்தில் மாமா ஒருவரின் சொத்தில் பங்கு வந்தது. வாழ்க்கையில் அவருக்கு வந்த ஒரே பெரிய பணம் அதுதான். லண்டனை விட்டு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் கடலோரமாக ஒரு வீடு எடுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார்கள் வந்து ஓய்வெடுக்கும் விடுதியாக அதை நடத்தினார். நோரா லேக் என்ற தோழி கூட இருந்து உதவினார். வருமானம் கைக்கும் வாய்க்கும் எட்டாமல்தான் ஓடியது. பிறகு அதே கார்ன்வாலின் பியூட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பியூட்டில் அவர் கடைசியாக வாழ்ந்த கட்டடத்தின் பெயர் பென்கூலன் ஹவுஸ். சிங்கப்பூர்க்காரர்கள் பென்கூலன் ஸ்திரீட்டை நினைத்துக்கொள்வார்கள்; தவறில்லை. சுமத்ராவின் பெங்கூலு நகரை ஆங்கிலேயர் பென்கூலன் என்றார்கள். அந்தப் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று 1862ல் பியூட் கரையில் மோதி உடைந்தது. அன்று முதல் பெயர் அந்த ஊரிலும் தங்கிவிட்டது.

1951 செப்டம்பர் 18ஆம் தேதி, 73 வயதில் பமீலா அந்த வீட்டில் இறந்தார். கடன் நிறைய இருந்தது. உயிலில் தன் பொருட்களை நோரா லேக்குக்கு எழுதி வைத்திருந்தார். நோராவுக்கு ஒன்றும் போகவில்லை. கடனை அடைக்க எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். கிடைத்தவர் கையில் ஓவியங்கள் சிதறிப் போயின.

அட்டைகளின் வாழ்வு அதன் பிறகுதான் சூடு பிடித்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று கட்டை மறுபடி அச்சிட்டு உலகமெங்கும் விற்றது. அந்தத் தலைமுறையில் அட்டையைக் கையில் எடுத்த சிலர் அதன் பயனையே மாற்றினார்கள். ரேச்சல் போலக் 1980ல் வெளியிட்ட புத்தகத்தில், அட்டை என்பது ஒருவர் தன்னை அறிந்துகொள்ளும் வழி என்று விளக்கினார். மேரி கிரீர் 1984ல் ஒரு படி மேலே போய், ஜோசியரே வேண்டாம், நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனக்குத் தானே அட்டை எடுக்கலாம் என்று பயிற்சி நூல் எழுதினார்.

அந்த முறை எளிது. ஓர் அட்டையோ மூன்று அட்டையோ எடுக்க வேண்டும். பொருள் சொல்லும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முதலில் படத்தில் கண்ணுக்குப் படுவதை எழுத வேண்டும்: யார் நிற்கிறார், எங்கே பார்க்கிறார், எதைப் பார்க்கவில்லை. அடுத்து, அந்தப் படத்தில் தான் யார் என்று எழுத வேண்டும். என்ன நடக்கும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, நான் எதைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று கேட்க வேண்டும். நான்கு நாள் கழித்து அதே அட்டையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். கணவனை இழந்த பெண் முதல் நாள் கவிழ்ந்த கிண்ணங்களைப் பற்றி மட்டுமே எழுதுவார். இன்னொரு நாள் பாலம் கண்ணில் படலாம். அட்டைக்குச் சக்தி இருக்கிறதா என்ற வாக்குவாதம் இந்தப் பயன்பாட்டுக்குத் தேவைப்படுவதில்லை. பரிகாரம் என்று நூறும் இருநூறும் வெள்ளி கேட்க எதிரில் ஆளும் இல்லை.

பழைய கட்டுகளில் இதைச் செய்ய முடியாது. ஐந்து கிண்ணத்தை வரிசையாக வரைந்த படத்தில் யாரும் தன்னைப் பார்க்க முடியாது. தலை குனிந்து நிற்கும் அந்த மனிதரை பமீலா வரைந்த பிறகுதான் அது நடந்தது.

கட்டின் நூற்றாண்டான 2009ல் அவர் பெயரிலேயே ஒரு நினைவுப் பதிப்பு வந்தது. இப்போது புத்தகங்களிலும் வகுப்புகளிலும் ரைடர், வெயிட், ஸ்மித் என்று மூன்று பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பெட்டியில் பெயர் இல்லாத காலத்திலும் அட்டையில் அவர் இருந்தார். தன் பெயரின் மூன்று முதல் எழுத்துகளைப் பாம்பு போலப் பின்னி, படத்தின் கீழ் மூலையில், புல்லுக்கும் கல்லுக்கும் இடையே சின்னதாகப் போட்டு வைத்திருக்கிறார். கையில் ஒரு கட்டு இருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.